சிரட்டைக் கணக்கு

மூன்றரை மணிக்கு
நெற்றியில் விளக்கைக் கட்டுமுன்
விரலில் ஒரு குத்து.
பொட்டுச் சிவப்பு.
மிஷின் கொஞ்சம் யோசித்து
நூற்று அறுபத்தெட்டு என்கிறது.
ராத்திரி நான் தின்ற மூன்றாவது தோசையை
அதற்கு யார் சொன்னார்கள்?

பிறகு முந்நூறு மரம்.
பட்டையை மட்டும் சீவ வேண்டும், தடி படக்கூடாது,
பட்டால் மரத்துக்குப் புண்.
புண்ணைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம்.
ஆனியில் கால் பெருவிரலில் ஏறிய முள்
ஆவணிவரை என்னோடு
வேலைக்கு வந்தது.

குலசேகரத்தில் ஆஸ்பத்திரித் தாளில்
ஓட்ஸ் என்று இருந்தது.
ஆப்பிள், ஒன்று, சிறியது.
சுஜிதா சிஸ்டரிடம் கேட்டேன்:
"பிள்ளே, எங்க விளையில நிக்கது மரச்சீனி,
முற்றத்துல நிக்கது சக்கை,
ஆப்பிளுக்கு நான் எந்த மரத்துல கேற?"
அவள் சிரித்துத் தாளைத் திருப்பிப்போட்டு
பேனாவால் எழுதினாள்:
காணம். சிறுபயறு. முருங்கை இலை.
சாளை, பொரிக்காமல்.
சக்கை, பழுக்கும் முன்னே.
சோறு
என்று எழுதி நிறுத்தினாள்.
கப் என்றால் எனக்கு எந்தக் கப்?
சிரட்டையைச் சொன்னேன்.
மரத்தில் பால் பிடிக்கிற அதே அளவில் ஒன்று
தேய்த்துக் கழுவி அடுக்களையில் இருக்கிறது.
தலைதட்டி ஒன்று,
கூம்பாரமாக இல்லை.

என் வீட்டுக்காரர் ராசையன்
அவித்த கிழங்கைக் காந்தாரி மிளகோடு சதைத்து
சாளைக் குழம்பு ஊற்றித் தின்று வளர்ந்த ஆள்.
எனக்குச் சர்க்கரை என்று சொன்ன அன்றே
"கெழங்கு எனக்குப் பிடிக்கல்ல" என்று விட்டார்.
முப்பது வருஷம் பிடித்தது
ஒரு மத்தியானத்தில் பிடிக்காமல் போயிற்று.
வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய்த் திரும்பினால்
அவர் மீசையில் காந்தாரி மணக்கிறது.
நான் கேட்பதில்லை.
ஓமனா தருகிற அரைத் துண்டு ஏத்தன்பழ பஜ்ஜியைப் பற்றி
அவரும் கேட்பதில்லை.

மழை பிடித்தால் வெட்டு இல்லை.
வெட்டு இல்லாத வாரத்துக்கு
தாளின் முன்பக்கத்திலும் ஒன்றுமில்லை,
பின்பக்கத்திலும் ஒன்றுமில்லை.
ரேஷன் அரிசி, புளி, உப்பு.
அப்போதும் சிரட்டை அதே சிரட்டைதான்,
பசிதான் அதில் அடங்காது.
முருங்கைக்கு யாரும் விலை வைக்கவில்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம்.
காலையில் முருங்கை, ராத்திரி முருங்கை,
கொம்பு மொட்டையாகி நிற்கிறது.

கோயில் அசனத்தில்
விளம்புகிற பையன் இலையில் சோற்றைக் குவிக்கிறான்.
கையை விரித்துக் குறுக்கே வைத்தேன்.
"சும்மா தின்னுங்க மாமி, ஒருநாள்தானே?"
எல்லாரும் சொல்வது அந்த ஒருநாளைத்தான்.
கல்யாணம், அடியந்திரம், கிறிஸ்துமஸ், பிள்ளைக்குப் பேரிடல்:
எண்ணிப் பார்த்தால் வருஷத்தில் பாதி
ஒருநாள்தான்.

மாத்திரையைப் போட்டுவிட்டுக்
கஞ்சித் தூக்கை மறந்து போன விடியலில்
இருநூற்றுப் பத்தாவது மரம்
இரண்டு மரமாக நின்றது.
கை ஆடியது. குளிர்ந்த வேர்வை.
ஓமனா தன் விளக்கை என் முகத்தில் அடித்துப் பார்த்து
ஒன்றும் பேசாமல்
மடியிலிருந்து கருப்பட்டியை உடைத்து
என் வாயில் திணித்தாள்.
நாலு வருஷமாக நான் முகம் திருப்பிய சாதனம்
நாக்கில் மெல்ல அலிந்தது.
மருந்தா, திருட்டா,
எனக்கே தெரியவில்லை. கண் நிறைந்தது.
தலைக்குப் பக்கத்தில் சிரட்டையில்
பால் சொட்டிக்கொண்டிருந்தது.
மரம் மறுபடி ஒன்றானதும்
எழுந்து வெட்டினேன்.

இப்போது என் மடியிலும் ஒரு துண்டு உண்டு,
காகிதத்தில் சுற்றி.
அதைத் தின்னாத நாள் நல்ல நாள்.
தின்ன அது இல்லாத நாள்
நினைக்கவே வேண்டாம்.

பத்து மணி. பாலை உறைய வைத்தாயிற்று.
கையில் ஆசிட் நாற்றம் போகத் தேய்த்துவிட்டு
தலைதட்டிய சோறு, காணத் துவையல், இரண்டு சாளை.
ராத்திரிக்கு மாவு கொஞ்சம் மீதி இருக்கிறது.
இன்றைக்கு இரண்டு தோசை.
சரி,
இரண்டேகால்.