இரண்டு புத்தகம், ஒரு சுவர்

கார்டிஃப் பார்சல் டெப்போவில்
பெரில் நீல அட்லஸ் கட்சி.
க்விலிம் சிவப்பு.

சிவப்பில் டாஃப் ஆறு நடுத்தையலுக்குள் விழுந்து
அடுத்த பக்கத்தில் தலை தூக்கும்.
பாலம் மட்டும் கரையேறுவதில்லை.
நாற்பத்திரண்டுக்குக் கிழக்கே அறுபத்தேழு;
ஏன் என்று கேட்கக் கூடாது.
முப்பதாம் பக்கத்தில் க்விலிம் சிந்திய தேநீர்
ஏரியாகிவிட்டது. புதிதாய்ச் சேர்ந்த நான்
முதல் வாரம் அதைச் சுற்றிக்கொண்டு போனேன்.

நீலத்தில் தபால் நிலையமெல்லாம் உண்டு,
ஒருவழித் தெரு தெரியாது.
துறைமுகப் பக்கத்தில் மட்டும் வடக்கு
இடம் பற்றாமல் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்.
"தாளில் அடங்கணுமே" என்பாள் பெரில்,
மகனுக்குப் பரிந்து பேசுவதுபோல.

போன மார்ச்சில் சிவப்பில் அகப்பட்டது
ஹெரன் குளோஸ்.
நகலெடுப்பவனைப் பிடிக்க வைத்த
பொய்த் தெரு என்றான் க்விலிம்,
தானே வைத்ததுபோல் பெருமையாக.
பெரில் கண்ணாடியை மாற்றிக்கொண்டு
நீலத்தைப் புரட்டினாள்.
இருந்தது.
அதே முட்டுச்சந்து. அதே எழுத்துப்பிழை,
'ஆர்' ஒன்று அதிகம்.

மதிய இடைவேளையில் மூவரும் வேனில் போனோம்.
மழை. ஒரு டயர் கடை, அதன் பின்னால்
செங்கல் சுவர், பாசி,
யாரோ தவறவிட்ட ஒற்றைக் கையுறை.
சிரிக்கக் காத்திருந்தான் க்விலிம்.
பெரில் இறங்கவே இல்லை.
வைப்பர் நாலைந்து தரம் போய் வந்தது.

"இருக்குங்குது ரெண்டு புத்தகம்.
இல்லைங்குறது ஒரே ஒரு சுவர்" என்றாள்.
வண்டியைத் திருப்பச் சொன்னாள்.