நிகர நிறை

அரக்கு முத்திரை உடையாமல் வந்திருக்கிறது.
உறைக்குள் உறை,
அதற்குள் நாலாம் வகுப்புக் கணக்குக் கொப்பியின் ஒரு தாள்
(ஏழெட்டு ஐம்பத்துநாலாம்),
அதற்குள் நீ.

தாளைத் தனியே நிறுக்கிறேன்.
தாளின் பாரத்துக்கு யாரும் மறியல் போகக் கூடாது.

கொட்டாஞ்சேனை மருந்துக்கடையில் உனக்குச் சித்தமூலி என்று பெயர்.
பொலிஸ் துண்டில் 'கேரள' என்றொரு முன்னொட்டு,
கடல் கடந்து வந்ததற்கான பட்டம்.
என் படிவத்தில் பொருள் இலக்கம் இரண்டு.
மருதானைப் பக்கம் ரயில் கூவுகிறது. மழை.
விளக்கை உன் மேல் திருப்புகிறேன்.

பூ என்று சொல்ல உன்னிடம் என்ன இருக்கிறது?
இதழ் இல்லை. வண்டுக்கு வைத்த தேன் இல்லை.
காற்றுக்குப் பூத்தவள்.
காற்றுக்கு எதற்கு அலங்காரம்.

ஒரு பச்சைச் செதில்
மழைக்கு இழுத்துவிட்ட முக்காடு மாதிரி மடிந்திருக்கிறது.
இடுக்கியால் விலக்கினால்
உள்ளே ஒரேயொரு சூல்.
அதன் உச்சியிலிருந்து இரண்டு சூல்முடிகள்
வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே
காய்ந்திருக்கின்றன.
வெள்ளையாய் இருந்திருக்கும். இப்போது துரு.
விதை கட்டவில்லை.
ஆண்செடிகளை யாரோ
முன்கூட்டியே பிடுங்கி எறிந்திருக்கிறார்கள்.

நாற்பது மடங்கு.
நூறு மடங்கு.
இங்கேதான் உன் சனநெரிசல்:
காம்பின் மேல் உருண்டைத் தலையுடன் பிசின்சுரப்பிகள்,
காலிமுகத்திடலில் பலூன்காரர்கள் எல்லோரும்
ஒரே இடத்தில் கூடிவிட்டதுபோல.
சிலது கண்ணாடி, சிலது பால்,
மூத்தவை பிளேன்டீ நிறம்.
கீழே, காம்பு கிடைக்காமல் தோலோடு ஒட்டிய குட்டித் தலைகள்.
இடையிடையே கரடிநகமாய் வளைந்த மயிர்கள்,
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சுண்ணாம்புக் கட்டி.
ஒரு துளி அமிலம் விட்டேன்.
சோடாப் போத்தல் திறந்ததுபோல் நுரைத்தாய்.
போதும்,
நீதான்.

வியாழக்கிழமை, புதுக்கடை.
மின்விசிறிகள் மூன்றில் ஒன்று சுற்றியது.
பொதி தன் கட்சிக்காரருடையதே அல்ல என்ற சட்டத்தரணி
என் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் விரல் வைத்து,
இந்தச் சொல்லை எதிரிக்கு விளங்கும் மொழியில் சொல்லட்டும் என்றார்.
மொழிபெயர்ப்பாளர் தவ்பீக் தொண்டையைச் செருமினார்.
"சுரப்பி" என்றார்.
அங்கேயே நின்றுவிட்டார்.
அடுத்தது மூன்றெழுத்து.
தாவரவியல் புத்தகத்தில் அதற்கு ஒரு குறையுமில்லை,
சபையில் சொன்னால் வசவு.
கூண்டில் நின்ற இன்னாசி மிராண்டா,
முகத்துவாரம், ஓட்டோ சாரதி,
அந்த முகத்தைப் பார்த்தே ஊகித்துச் சிரித்தான்.
கதவோரம் தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவரும்.
"முடி" என்று முடித்தார் தவ்பீக்.
"சுரப்பி முடி."
நான் மறுக்கவில்லை.

நிகர நிறை கேட்டார்கள்.
நாலு கிராம், நூற்றிருபது மில்லிகிராம்.
தாள் நீங்கலாக, என்றேன்.

சிரிப்பு இன்னும் வாயோரம் இருக்க
இன்னாசி கை தூக்கினான்.
"அந்தக் கொப்பித் தாள் திரும்பக் கிடைக்குமா சேர்?
மகள் தேடுறா."

தவ்பீக் மொழிபெயர்க்க வாய் திறக்குமுன்
சட்டத்தரணி கண்களை மூடிக்கொண்டார்.

தாளின் நிறையை யாரும் கேட்கவில்லை.
இரண்டு கிராம் முந்நூறு.
உன்னில் பாதிக்கு மேல்.