ஈயம்

எட்டு வயதில் யோரெவுக்கு எடை போதவில்லை.
இருக்கையின் முதுகில் ஆறு கிலோ ஈயத்தை
வில்லை வில்லையாய் வைத்துத் திருகினார் அப்பா.
ஹெங்க் ஊர் கார்ட்டிங் தடத்தில்
மழை பக்கவாட்டில்தான் பெய்யும்.
வேலிக்கு இந்தப் பக்கம் நான்,
கழுத்தில் நிறுத்துக் கடிகாரம்.
எழுத்துக்கூட்டத் தெரியாத வயதிலேயே
நூறில் ஒரு நொடி எனக்குத் தெரியும்.
நாற்பத்தொன்று புள்ளி ஆறு இரண்டு
என்று கத்துவேன்.
அவனுக்குக் கேட்காது.
அப்பா டயர் அட்டையின் பின்புறம் எழுதிக்கொள்வார்.

அப்பா குளியலறைகளுக்கு ஓடு பதிப்பவர்.
எங்கள் வீட்டுக் கணக்கு யூரோவில் இல்லை:
ஒரு குளியலறை இரண்டு ஜோடி டயர்,
ஒரு நீச்சல்குளம் ஓர் எஞ்சின்.
என் பல்லுக்குக் கம்பி அரை எஞ்சின்.
அது அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போனது,
அதற்கடுத்த பருவத்துக்கும்.
இன்றும் நான் வாயை மூடித்தான் சிரிக்கிறேன்.

லொனாட்டோவில், கடைசிச் சுற்றில்,
நிக்கோலோ என்ற பையனின் பின்சக்கரத்தை
இவன் மூக்கு தொட்டது.
தொட்டதா இடித்ததா
என்று நடுவர்கள் மூன்று முறை பார்த்தார்கள்.
நான் ஒரு முறைதான் பார்த்தேன்.
அந்தப் பையனை மணிக்கட்டைப் பிடித்தபடி
கொண்டுபோனார்கள்.
திரும்பும் வழியில் கொத்தார்ட் சுரங்கம்,
பதினேழு கிலோமீட்டர்.
மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாய்
அப்பாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தன.
கோப்பை என் மடியில் இருந்தது.
யாரும் பேசவில்லை.

பதினாலில் திடீரென்று வளர்ந்தான்.
மாதம் ஒரு வில்லை ஈயம் கழன்றது.
ஈயம் தீர்ந்ததும்
உடம்பிலிருந்து கழற்றத் தொடங்கினான்.
வெள்ளிக்கிழமை உருளை வறுவலில்
ஏழு துண்டுகளை எண்ணி எடுத்து
தட்டை என் பக்கம் தள்ளுவான்.
பசியில் அவன் காதுகள்கூட மெலிந்திருந்தன.

பிறகு எல்லாம் வேகமாக.
ஃபார்முலா நான்கு. தலைக்கவசத்தில்
உறைந்த கோழி விற்கும் கம்பெனியின் சேவல்.
ஸான்ட்ஃபோர்ட் மணல்மேடுகள். ஸ்பாவின் ஏற்றத்தில்
பாதத்தை எடுக்காத முதல் நாள்;
அன்றிரவு தொலைபேசியில்
அந்த வலது பாதத்தைப் பற்றியே பேசினான்,
அது வேறு யாருடையதோ என்பதைப் போல.
ஃபார்முலா மூன்று. ஆண்டு முடிவில் நான்காம் இடம்.
நான்காம் இடத்துக்கு மேடையில் படி இல்லை.

அடுத்த படிக்கான தொகை
ஒற்றை மின்னஞ்சலில் வந்தது.
அப்பா கண்ணாடியைப் போட்டார், கழற்றினார்,
மறுபடி போட்டார்.
பெல்ஜியத்தில் அத்தனை குளியலறைகள் இல்லை.

இப்போது இங்கிலாந்தில்,
ஜன்னலில்லாத ஒரு கட்டடத்தில்,
வளைந்த திரைக்கு முன்னால் ஓட்டுகிறான்.
உலகின் மறுபக்கத்தில் வெள்ளிக்கிழமைப் பயிற்சி முடிந்ததும்
இவனுக்கு வேலை தொடங்கும்.
ஒரே வளைவை விடியும்வரை நானூறு தடவை,
ஞாயிற்றுக்கிழமை வேறொருவன் ஜெயிப்பதற்காக.
பெட்ரோல் வாசம் இல்லை. காற்று இல்லை.
மோதினால் திரை சாம்பலாகும்,
பொத்தானை அழுத்தினால்
சுவர் மறுபடி முழுசாய் நிற்கும்.
அங்கே நிக்கோலோ யாருமில்லை.

ஞாயிறு மதியம் டிவியில் பார்க்கிறேன்.
ஏழாம் வளைவில் அந்தக் கார்
ஓரக்கல்லை உரசாமல்,
உரசுவதற்கு ஒரு விரல் முன்னால்
திரும்பி வெளியேறுகிறது.
வேலியோரத்தில் பத்து வருஷம் பார்த்த கை அது.
நிறுத்துக் கடிகாரத்தைத் தேடுகிறேன்,
எதற்கென்று தெரியாமல்.
ஜெயித்தவன் ஷாம்பெய்னில் நனைகிறான்.
என் போனில் ஒரு வரி:
முன் இறக்கை, அரை டிகிரி. என்னுடையது.

கிறிஸ்துமஸுக்கு வந்தான்.
என் சமையலறைக் கதவு சாத்திவிடாதிருக்க
அந்த ஈயத்தில் ஒரு வில்லையை வைத்திருக்கிறேன்.
குனிந்து எடுத்தான்,
இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான்,
எதுவோ சொல்ல வந்தான்.
கதவு மெல்ல மூடிக்கொண்டது.
பிறகு உட்கார்ந்து
எண்ணாமல் தின்றான் வறுவலை,
இரண்டாம் தட்டும் முடியும்வரை.
மயோனைஸ் இவ்வளவுதானா என்றான்.