பதினாறு ஓம்

சீசன் முடிந்த மறுவாரம் கூம்பு கிழிந்தது.
நாலாம் கம்பியைத் தொட்டால் மட்டும்
ஒரு தகர இருமல்.
திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன்.
குன்னூர்ப் பனி என் காலர்களில் செய்கிறதை
அந்தக் கறுப்புக் காகிதத்திலும் செய்திருந்தது:
பூஞ்சை, வட்டம் வட்டமாக.

பெங்களூர்க் கடைக்காரன் போனில் சொன்னான்,
"நூறு வாட் போடுங்க மேடம். சாகவே சாகாது."
சாகாதது எனக்கு வேண்டாம் என்று
எப்படிச் சொல்வது?
என் ஆம்ப் பதினைந்து வாட்.
ஸ்பீக்கர் கொஞ்சம் திணற வேண்டும்.
பர்லியாறு தாண்டி மேலேறும் பஸ்
இரண்டாம் கியரில் முனகுமே, அந்த இடம்.
அங்கேதான் ஸ்வரத்துக்கு ஓரம் கருகும்.

அல்நிகோ காந்தத்தின் விலை கேட்டேன்.
டீ பேக்டரியில் ஒன்றரை மாச ராத்திரி ஷிப்ட்.
செராமிக்கே அனுப்பு என்றேன். முப்பது வாட்.

பெட்டிக்குப் பெள்ளனிடம் போனேன்.
தேன்பெட்டி அடிக்கிறவர்.
"எத்தனை சட்டம்?" என்றார்.
சட்டம் இல்லை, ஒரு ஓட்டை போதும், இது வேற ரீங்காரம்.
பிளைவுட்டை முட்டியால் தட்டினார். வாயே திறக்கவில்லை.
எஸ்டேட் ஏலத்தில் எடுத்த சில்வர் ஓக்
கேட்காததற்கும் பதில் சொன்னது.
"முதுகு மூடணுமா?"
மூடினால் சத்தம் முன்னால் மட்டும் போய்
நெஞ்சில் குத்தும்.
திறந்தால் சுவர் மூலை எல்லாம் கசியும்,
லைன் வீட்டில் அடுத்த அறைக் குழந்தை எழும்.
பாதி, என்றேன்.
"பாதின்னா, சாரலுக்குச் சாத்துற மாதிரியா?"
ஆமாம். அப்படித்தான்.

பார்சல் வந்தது. காந்தத்தின் முதுகில் பதினாறு ஓம்.
ஆம்ப் கேட்பது எட்டு.
திருப்பி எடுக்க மாட்டானாம்.

இன்னொரு பதினாறு இருந்தால்
இரண்டையும் பக்க இணைப்பில் கட்டலாம்.
மின்தடை பாதியாகும்.
(இந்த ஊரில் மின்தடை என்றால்
சாயங்காலம் ஆறு மணி. அது வேறு.)
பிளஸ் டூவில் இதற்கு ஐந்து மார்க்.

மலையில் இன்னொரு பதினாறு
யாரிடம் இருக்கிறது என்று தெரியும்.
கோத்தகிரியில், எமில்டாவின் கட்டிலுக்கடியில்,
பழைய கம்பளி சுற்றி.
அவளுக்கும் எனக்கும் நடுவே
ஒரு கிறிஸ்துமஸ் கச்சேரியின் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்,
அவள் வாசித்தது வேகமா நான் வாசித்தது மெதுவா என்ற பேச்சு,
இரண்டு வருஷம்.

முதல் தடவை வண்டிச்சோலையில் இறங்கித்
திரும்பி நடந்துவிட்டேன்.

பிறகு பெள்ளனிடம் சொன்னேன்,
பெட்டியை அகலமாக்குங்கள், ஓட்டை இரண்டு.
"ரெண்டாவதுக்கு ஸ்பீக்கர்?"
வெட்டுங்கள், பார்த்துக்கலாம்.

கண்டக்டர் லக்கேஜுக்கு இரண்டு டிக்கெட் கிழித்தார்.
மடியில் ஏற்ற முடியாமல் கால்களுக்கிடையில் நிறுத்தினேன்.
வளைவுக்கு வளைவு
வெறும் ஓட்டைக்குள் காற்று போய்
பாதி முதுகு வழியாக வந்தது.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை.
பெட்டியைப் பார்த்தாள்.
குனிந்து முழங்கை வரை கைவிட்டு
விளிம்பைத் தடவினாள்.

"பன்னிரண்டா?"
பன்னிரண்டு.
"என்னுது பத்து இஞ்ச். மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன்.
உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது,
போய் அடுப்பை அணைத்தாள்.
திரும்பி வரும்போது கையில் கம்பளிச் சுருள்.

"ஒரு மர வளையம் போட்டா உக்காரும்," என்றாள்.
"யாரு வெட்டினது? வட்டம் நல்லா இருக்கு."