அரை மாத்திரை

பிஸ்பலா மேட்டில் பனிவாரி வண்டி
மூன்றாம் முறை போன பிறகு
கெர்த்து பாட்டைத் திறக்கிறாள்.
திரையில் அது ஒரு மலைத்தொடர்.
பக்கத்தில், மாதிரிக்கென்று யால்மாரி அனுப்பிய
வேறொரு குழுவின் பாட்டு.
அது செங்கல்.

"இன்னும் ஒரு டெசிபெல்" என்கிறது கடிதம்.
நேற்றும் அதுதான். முந்தாநாளும்.
ஒன்று ஒன்றாக ஐந்து வாங்கிவிட்டான்,
கறிவேப்பிலைக்குக் கொசுறு கேட்பதுபோல.

அவள் செய்யும் வேலை என்னவென்று
தாம்பெரே வரி அலுவலகத்துக்கு இன்னும் புரியவில்லை.
பாடுவதில்லை, வாசிப்பதில்லை, பதிவு செய்வதுமில்லை.
எல்லாரும் முடித்துவிட்டுப் போன பாட்டை
கடைசியாக ஒருத்தி உட்கார்ந்து கேட்கிறாள்.
படிவத்தில் "இதர" என்று போட்டிருக்கிறார்கள்.

உரப்பு என்றால் உயரம் என்று நினைக்கிறார்கள்.
கூரை அசையாது, அது இருந்த இடத்திலேயே இருக்கும்.
நாம் ஜாக்கி வைத்துத் தூக்குவது தரையை.
டிரம்மின் அடி கூரையில் முட்டித் தலை மழுங்க,
அதுவரை படுத்திருந்ததெல்லாம் எழுந்து நிற்கும்:
நாற்காலியின் கிரீச்,
ஆம்ப்ளிஃபயரின் ஓயாத ரீங்காரம்,
ஐனிக்கி பாடுமுன் இழுக்கும் மூச்சு.

ஆறாவது டெசிபெல்லில்
இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

"அவனிடம் சொல்லிவிட்டாயா?"
டிரம்முக்குப் பின்னாலிருந்து ஓஸ்மோ.
"பாட்டு முடியட்டும்."
மைக்குக்கு முதுகு காட்டி ஐனிக்கி.

பிறகு குச்சி நான்கு தட்டு.
பிறகு பாட்டு.
ஏரி, கோடை, இருவர் மட்டும் ஏறிய படகு
(வரிகள்: யால்மாரி).

கெர்த்து ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப்
பின்னால் ஓட்டினாள்.
இன்னொரு முறை.
உயிருக்கு ஒன்று, இழுத்தால் இரண்டு என்று
தாராளமாக அளந்து கொடுத்த இலக்கணம்
மெய்க்கு மட்டும் அரை மாத்திரை வைத்தது.
பாதிக் கண்ணிமைப்பு.
பெயர் மட்டும் மெய்.

பதினோரு வருடத்துக்கு முன்
அவர்கள் கல்யாணத்தில் கேக் சாப்பிட்டிருக்கிறாள்.
ஓஸ்மோதான் கார் ஓட்டினான்.

பாட்டின் தலையில் இரண்டு விநாடி கத்தரிப்பதை
மாஸ்டரிங்கில் யாரும் கேள்வி கேட்பதில்லை.
கத்தரித்தாள்.
எழுதினாள்: "ஆறு ஏற்றியாயிற்று. வீண்தான்.
போய்ச் சேரும் தளங்கள் எல்லாப் பாட்டையும்
ஒரே மட்டத்துக்கு இறக்கிவிடும்.
எவ்வளவு கத்தினாலும் அங்கே
அடுத்த வீட்டுக்காரன் கத்தும் அளவுதான்."

பதினோரு நிமிடத்தில் பதில்:
"நன்றாக வந்திருக்கிறது.
தொடக்கத்தில் இரண்டு விநாடியைக் காணோம்.
திருப்பிப் போடு.
மிக்ஸில் அது கேட்டும் கேளாமலும் இருந்தது.
டெசிபெல் எதற்குக் கேட்டேன் என்று நினைத்தாய்?"

காபியில் ஆடை கட்டியிருந்தது.
குடித்தாள்.
பனிவாரி வண்டி நான்காம் முறை வந்து
வீட்டு வாசலை மூடிவிட்டுப் போனது.

வெட்டியதை ஒட்டினாள்.
ஏற்றித் தருவதா, இறக்கித் தருவதா?
அவன் கேட்டது ஒன்று;
கேட்கப் போவது வேறொன்று.
கடைசியில் அந்த இரண்டு விநாடிக்கு மட்டும்
லிமிட்டரை எடுத்துவிட்டு
ஜாக்கியை இறக்கி
தரையைப் பழைய இடத்தில் வைத்தாள்.
வேண்டுமென்றால் அவன் காதைக்
கிட்டே கொண்டுபோகட்டும்.

பில் தொகை அன்றிரவே வந்து சேர்ந்தது,
ஒரு சொல்லும் இல்லாமல்.

ஆல்பம் மே மாதம்.
ட்ராமில் போகிறவர்கள் பாட்டைத் தொட்டுவிட்டு,
என்ன இது, ஒன்றும் கேட்கவில்லையே என்று
ஒலியைக் கூட்டுவார்கள்,
இன்னும் கொஞ்சம் கூட்டுவார்கள்.

அப்போது விழும்
ஓஸ்மோவின் முதல் அடி.