சீல்

வண்டி நகரவில்லை.
நேற்றுச் சாயங்காலம் எர்ணாவூர் தாண்டி நிறுத்தியது.
இன்று ராத்திரியும் அதே இடம், அதே நாய்.
துறைமுக கேட்டுக்கு முன்னால் நானூறு வண்டி என்கிறான் சுபானி,
எண்ணிவிட்டு வந்தவன் மாதிரி.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடல்.
நடுவில் கொட்டி வைத்த கருங்கல்,
ஒவ்வொன்றும் எங்கள் கேபினில் பாதி.
சீட்டுக்குப் பின்னாலிருந்து தூண்டில் கம்பை எடுத்தேன்.
எறிந்தேன்.
ஈயம் கல்லிடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது.
இழுத்தால் ஊரையே இழுக்கிற கனம்.
நரம்பு முதலில் என் விரலை அறுத்தது,
அப்புறம் தானும் அறுந்தது.
முள், ஈயம், கோத்த இறால், மொத்தமும் போச்சு.

மூன்று தடவை இப்படி.

இட்லிக் கூடையோடு வந்த தேசம்மா
கல் மேல் நின்று எட்டிப் பார்த்தாள்.
"அது எங்க நாத்தனா வூட்டு மாடிப்படிப்பா.
வுட்டுடு. அவ எதையும் திருப்பிக் குடுத்ததில்ல."
கல்லுக்கு அடியில் ஒரு தெரு கிடப்பது
அப்போதுதான் எனக்குத் தெரியும்.
நாலு இட்லிக்குக் காசு வாங்கிக்கொண்டு
அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

நெல்லூர் ரோட்டில் ஒரு தடவை
ஹெட்லைட் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது.
எரிச்சலில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுருட்டிச் சொருகினேன்.
அதற்கப்புறம் ஃபியூஸ் போகவே இல்லை.
வயரிங்தான் போனது, முழுசாக.
அந்தக் கருகல் நாற்றம்
இங்கே, உப்புக் காற்றில், மூக்கில் ஏறியது.
போக வேண்டியதைப் போகவிடாமல் கட்டியிருக்கிறேன்.

முன்கண்ணாடியில் ஆயுத பூஜை மாலை காய்ந்து தொங்கியது.
சரத்தை உருவினேன், நூல் மட்டும் மிஞ்சியது.
வெடுக்கென்று இழுத்தால் போய்விடும் நூல்.
ஈயத்தை அதில் கட்டினேன்.
ஒரு முழம் மேலே முள், நல்ல நரம்பில்.

பழக்கத்தில் தலைக்கு மேல் சுழற்றி எறிந்தேன்.
நூல் ஆகாயத்திலேயே கைவிட்டது.
ஈயம் தனியாகப் பறந்து
இருட்டில் எங்கேயோ ஒரு கல்லில் ணங்கென்றது.
அங்கே ஓர் ஆள் குந்தியிருந்தால்?
கம்பைக் கீழே வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.
யாரும் கத்தவில்லை.

அடுத்த தடவை நூலை இரட்டையாக முறுக்கினேன்.
சுழற்றவில்லை. தொட்டிலைத் தள்ளுகிற மாதிரி கீழிருந்து விட்டேன்.
பக்கத்தில்தான் விழுந்தது. போதும்.
களவா தூரத்தில் குடியிருப்பதில்லை,
பொந்தில்தான் குடியிருக்கிறது.

தலையை ஆட்டி ஆட்டி ஓர் இழுப்பு.
தூக்கினேன். அதற்குள் ஈயம் மாட்டிக்கொண்டது.
மேலே மீன், கீழே நாத்தனார் மாடிப்படி,
நடுவில் நான், வில்லாக வளைந்த கம்பு.
டப்.
விரலுக்கு மட்டும் கேட்ட சத்தம்.
கனம் பாதியாகி
மீன் மட்டும் வந்தது,
முக்கால் கிலோ, உடம்பெல்லாம் புள்ளி,
வாயைப் பிளந்து என்னைத் திட்டிக்கொண்டே.

சுபானி டார்ச் அடித்தான்.
வெளிச்சம் மீனைத் தாண்டி
என் கன்டெய்னர் கதவில் விழுந்தது.
அங்கே ஓர் இரும்பு சீல், நம்பர் போட்டது.
அது அறுந்தால் என் சோறு போகும்.
உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது.
நாலு வருஷமாக
அறாத ஒன்றுக்குப் பின்னாலேயே படுத்து எழுந்திருக்கிறேன்.

விடிவதற்குள் ஈயம் தீர்ந்தது.
டூல்ஸ் பெட்டியிலிருந்து துருப்பிடித்த நட்டுகளை எடுத்துக் கட்டினேன்.
மீன் இன்னும் இரண்டு. ஒன்று தேசம்மாவுக்கு.
"பரவால்லியே, குடுத்துட்டாளே" என்றாள்.

கடலுக்கு அடியில் அந்தப் படிக்கட்டில்
இப்போது ஏழு நட்டு இருக்கும்,
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாலை நூல்.
ஒன்றில் காய்ந்த சாமந்தி இதழ்கூட ஒட்டியிருந்தது,
கட்டும்போது பார்த்தேன்,
பிய்க்கவில்லை.

ஹார்ன். வரிசை நகர்ந்தது,
ஒரு வண்டி நீளம்.