காலி எடை

ஒத்தக்கடையில் இறங்கும்போது மணி ஒன்பதரை.
பதினொன்றுக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள்.
யானைமலை மட்டும் எனக்கும் முன்பே வந்து
வெயிலில் படுத்திருந்தது.

கோட்டைப் போட்டுக்கொண்டு போவதா
கையில் மடித்து வைத்துக்கொள்வதா என்று
மேலூரிலிருந்தே யோசனை.
டவுன்ஹால் ரோட்டில் தைத்தது,
தோள் ஒரு விரற்கடை பெரிசு.
"போகப் போகச் சரியாயிரும் சார்" என்றார் தையல்காரர்,
நாற்பத்திரண்டு வயதுக்குமேல்
நான் இன்னும் வளருவேன் என்பதுபோல.

வக்கீல் நிலோஃபர் என்னைவிடப் பதினோரு வயது இளையவர்.
அதை அவர் என் பயோடேட்டாவில் கணக்குப் போட்டார்,
நான் அவர் சுவரில் தொங்கிய பட்டத்தில்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.

"எல்.எல்.பி. போன வருஷம்.
பார் எக்ஸாம் ரெண்டாவது தடவை. சரி.
அதுக்கு முன்னாடி பதினாறு வருஷம்
தனியார் நிறுவனம், கணக்கர்னு போட்டிருக்கு.
எந்த நிறுவனம்?"

அந்த ஒரு வரியைத்தான்
மூன்று ராத்திரி உட்கார்ந்து சுருக்கியிருந்தேன்.

எடைமேடை, என்றேன்.
நாலுவழிச் சாலையோரம். கிரானைட் லாரிகள். ராத்திரி ஷிப்ட்.
பகலில் சட்டக் கல்லூரி.
ஒப்பந்தச் சட்டம் முழுவதையும்
தூக்கத்தில் கேட்டவன் என்பதைச் சொல்லவில்லை.

அவர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை.
எழுந்துபோய் இரும்பு அலமாரியில் தேடி
ஒரு கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.
நகலின் நகல். எடைச் சீட்டுகள்.
கம்பெனிப் பெயர் கறுப்படித்திருந்தது.
"இதுல என்ன தப்பு?"

பிரிவுகளைப் பிரிவு பிரிவாகப் படித்துவந்திருந்தேன்.
பஸ்ஸில்கூட உதடு அசைந்தது.
பக்கத்து சீட்டு அம்மா ஏதோ மந்திரம் என்று நினைத்து
கூடையை ஒதுக்கி வைத்துக்கொண்டார்.
இப்போது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.
விரல் தானாகவே இரண்டாவது பத்திக்குப் போயிற்று.

காலி எடை, மேடம்.
ரெண்டு மாசமா இந்த வண்டி வெறும் வண்டியா
ஒரு கிலோ கூடாம குறையாம நிக்குது.
எந்த லாரியும் அப்படி நிக்காது.
டீசல் ஏறும் இறங்கும்.
மழை நாள்ல டயரோட செம்மண்ணும் வரும்.
சில நாள் கிளீனர் பையன் கேபின்ல தூங்குவான்,
எழுப்ப மனசு வராம
அவனையும் சேர்த்துத்தான் போடுவோம்.
இது மேடை ஏறாத வண்டி.
நாற்காலியில உக்காந்து எழுதின எடை.

இதைச் சொல்லும்போதே பார்த்துவிட்டேன்:
ஏழுகளின் குறுக்கே ஒரு சின்னக் கோடு.
எங்கள் மேடையில் அப்படி ஏழு போடுகிறவர் ஒருவர்தான்,
பகல் ஷிப்ட் சவரியப்பன்.
ஷிப்ட் மாறும்போது
அவர் டிபன் பாக்ஸில் எனக்கு எப்போதும் பாதி இட்லி மிச்சம் இருக்கும்.

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை டக்கென்றது.
"நீங்க இப்படி எழுதியிருக்கீங்களா?"

உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால்
அளவுக்கு மீறி உழைப்பது என்று சொல்ல வேண்டும்.
யூடியூபில் டை கட்டிய பையன் சொல்லிக்கொடுத்தான்.

எழுதியிருக்கேன், என்றேன்.
மாசம் ஒரு கவர் வரும்.
லா காலேஜ் ஃபீஸ் அதுலதான் கட்டினேன்.

அவர் பேனாவை மூடினார்.
"ஜூனியரா வந்தா மாசம் எட்டாயிரம், பெட்ரோல் தனி.
இந்தக் கேஸுல சாட்சியா வந்தா
கூண்டுல ஏறணும், போக்குவரத்துப் படி கிடைக்கும்.
ரெண்டாவும் வர முடியாது.
திங்கட்கிழமை சொல்லுங்க."
பிறகு, பயோடேட்டாவைத் திருப்பிக் கொடுத்து,
"இதுல அந்த வரிய மாத்திருங்க, எப்படியும்."

வெளியே வந்து கோட்டைக் கழற்றினேன்.
முதுகு நனைந்து, ஒரு கிலோவாவது கூடியிருக்கும்.

மேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
எடைமேடை வந்தது.
என் நாற்காலியில் யாரோ பையன், காதில் இயர்போன்.
முன்சக்கரம் ஏற ஏற
சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.
அவை நிற்பதற்குள்
பஸ் கடந்துவிட்டது.